ஜான் பாஷாவின் ஐந்து நிமிடம்

நோன்பு மாதத்தில் செஞ்சியில் சூரியன் மூன்று தடவை மறையும். முதலில் கோட்டை மலைக்குப் பின்னால் போகும். அது கணக்கில் சேராது. அப்புறம் உண்மையிலேயே மறையும். அது யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்கும் பிறகு, நோன்பு அட்டையில் போட்ட நேரத்துக்கு ஐந்து நிமிடம் கழித்து, மோதினார் ஜான் பாஷா பள்ளிவாசலில் பாங்கு சொல்வார். அப்போதுதான் ஊருக்குச் சூரியன் மறைந்ததாக அர்த்தம்.

அந்த ஐந்து நிமிடம் ஜான் பாஷாவின் சொந்தச் சொத்து. நோன்பு திறக்கும் நேர அட்டையை பள்ளிவாசல் ஜமாஅத்தில் வருஷா வருஷம் மெட்ராஸ் அட்டையைப் பார்த்துத்தான் அச்சடித்தார்கள். மெட்ராஸில் சூரியன் முதலில் மறையும், செஞ்சியில் கொஞ்சம் கழித்து. எவ்வளவு கழித்து என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் மோதினார் தவறிவிடக்கூடாதே என்ற பேணுதலுக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டார். பதின்மூன்று மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காதவன் கையில் பேரீச்சம்பழத்தையும் முன்னால் கஞ்சியையும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். ஆனாலும் முப்பது வருஷமாக ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தவள் ஹபீபுன்னிசா. அச்சகம் வைத்திருந்த ஜகபர் அலியின் மகள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கணக்கு அதைவிட நீளம் என்பதை யாரும் சொல்வதில்லை. அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கொடுத்தபோது மற்ற டீச்சர்கள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். ஹபீபா உட்கார்ந்து, செஞ்சியில் எந்தத் தேதியில் எத்தனை மணிக்குச் சூரியன் மறையும் என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதினாள். ஊரில் கரண்ட் ஏறி இறங்கும்போது அந்த மெஷின் கண்டபடி உளறும். அதனால் புரோகிராமின் ஆரம்பத்திலேயே மெஷினிடம் மூன்று கேள்வி கேட்க வைத்திருந்தாள். முப்பது டிகிரிக்கு சைன் என்ன, நாற்பத்தைந்துக்கு என்ன, அறுபதுக்கு என்ன. மூன்றுக்கும் சரியான பதில் வந்தால்தான் வேலை நடக்கும். இல்லாவிட்டால், 'இந்த மெஷினை நம்பமாட்டேன்' என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். டீச்சரின் பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

இனி மெட்ராஸ் அட்டையும் வேண்டாம், ஐந்து நிமிடமும் வேண்டாம் என்று அவள் ஜமாஅத்தில் வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு ஜான் பாஷா தாடியைத் தடவினார்.

"செஞ்சிக்குன்னு சொந்த அட்டை. நல்லாத்தான் இருக்குது. நீ கணக்குப் போட்டுக் குடும்மா, நான் அஞ்சு நிமிசத்தை வுட்டுடறேன். ஆனா ஒண்ணு. ஒரு நிமிசம் முன்னாடி தொறந்தாலும் அன்னைய நோன்பு போச்சு. ஊரு நோன்பு மொத்தமும் உன் கழுத்துல, பாத்துக்க."

"என் கழுத்து தாங்கும் மாமா" என்றாள் ஹபீபா. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் கழுத்து லேசாக வலித்தது.

அது போன வருஷப் பேச்சு. இந்த எண்பத்தெட்டாம் வருஷம் நோன்புக்கு எட்டு நாள் இருக்கும்போது பள்ளிக்கூடக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பல்லி புகுந்தது. பல்லியும் போனது, கம்ப்யூட்டரும் போனது. அச்சகத்தில் ஜகபர் அலி அதற்குள் அட்டைக்கு எழுத்துக் கோத்து முடித்திருந்தார். நேரங்கள் வரவேண்டிய இடம் மட்டும் காலி. அடியில், 'கணித்தவர்: ஜ. ஹபீபுன்னிசா, பி.எஸ்ஸி., பி.எட்.' என்ற வரியை முதல் வேலையாகக் கோத்துவைத்திருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த ஈய எழுத்துகளைக் காட்டுவார். தலைகீழாக இருப்பதால் அவர்களுக்குப் புரியாது. அவரே படித்தும் காட்டுவார்.

"அத்தா, மெஷினே செத்துப்போச்சு" என்றாள் ஹபீபா.

"திண்டிவனம் ரோட்டுல தங்கராசு புதுசா ஒண்ணு தொறந்திருக்கான் இல்ல? அங்க போவோம் வா."

தங்கராசு சிமெண்ட் வியாபாரம் பார்த்தவர். காலம் மாறுகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, கடையின் பாதியை மறித்து ஏ.சி. போட்டு கம்ப்யூட்டர் சென்டர் ஆக்கிவிட்டார். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாதாம். சுவருக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

மெஷினைப் பார்த்துக்கொண்டவன் லூர்துநாதன். விழுப்புரத்தில் படித்துவிட்டு வந்தவன், கெட்டிக்காரன், கொஞ்சம் அவசரக்காரன். ஹபீபா நோட்டில் எழுதிவைத்திருந்த புரோகிராமைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"டீச்சர், இது சின்ன மெஷினுக்கு எழுதினது. இந்தப் பெரிய மெஷினுக்கு இந்த பாஷை தெரியாது. ஆனா நான் ஒண்ணு பண்ணி வச்சிருக்கேன். என் புரோகிராமை ஓடவுட்டா இந்த மெஷின் அப்படியே உங்க ஸ்கூல் மெஷின் மாதிரி வேசம் கட்டிக்கும். அதுக்குள்ள உங்க புரோகிராமை ஏத்தினா, பாவம், தான் எடம் மாறி வந்ததே அதுக்குத் தெரியாது."

ஹபீபாவுக்கு அது பிடித்துப்போயிற்று. கூத்தில் ராஜா வேஷம் கட்டியவனை மற்ற வேஷக்காரர்கள் ராஜா என்றே நம்பி வணங்குவதுபோல, அவள் புரோகிராம் இந்த வேஷ மெஷினை நம்பி வேலை செய்யப்போகிறது. உட்கார்ந்து வரி வரியாக அடித்தாள். ஓடவிட்டாள். மூன்று கேள்விக்கும் மூன்று பதிலும் சரி. அச்சுப்பொறி கிரீச் கிரீச்சென்று முப்பது நாள் நேரத்தையும் துப்பியது. பள்ளிக்கூட மெஷின் ஒரு நாளுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் இது முப்பது நாளையும் முடித்துவிட்டது. தங்கராசு தானே பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் மெஷினைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் ஜகபர் அலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் மாடிக்கு ஏறிவிட்டார். தாளில் முதல் வரி ஆறு பத்தொன்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேற்கே பார்த்தார். ஆறு அடிக்கும்போதே சூரியன் போய்விட்டது!

"ஹபீபா! ஹபீபா!" என்று மாடியிலிருந்தே கத்தினார். பள்ளிவாசலுக்கு அடுத்த வீடு அவருடையது. மகள் பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "இருபது நிமிசம் தப்பும்மா! மெஷின் கவுத்துடுச்சு!"

ஜான் பாஷா மாடிப்படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் பாய், பொறந்ததுலேருந்து இந்த ஊர்ல இருக்கீங்க. சூரியன் கோட்டைக்குப் பின்னால போனதைப் பாத்து நோன்பு தொறக்கற ஆளா நீங்க? இங்க நின்னா மலை காட்டறதுதான் தெரியும். மலைக்கு அந்தாண்ட இன்னா நடக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜகபர் அலி அசடு வழிந்தபடி இறங்கிவந்தார். சந்தோஷத்தில் மனுஷனுக்குத் தன் ஊர் மலையே மறந்துபோகும். தெருவே சிரித்தது. ஹபீபாவும் சிரித்தாள், ஆனால் பாதியில் நின்றுவிட்டது அவள் சிரிப்பு.

'இங்கே நின்றால் மலை காட்டுவதுதான் தெரியும்.' அவள் புரோகிராமும் அப்படித்தானே நிற்கிறது? வேஷ மெஷினுக்கு உள்ளே நின்றுகொண்டு அது காட்டுவதை மட்டும் பார்க்கிறது. மூன்று கேள்வி கேட்டோமே என்று மனம் சமாதானம் சொன்னது. என்ன மூன்று கேள்வி? முப்பது, நாற்பத்தைந்து, அறுபது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற கேள்வி. நோட்ஸை நெட்டுருப் போட்டுவிட்டு வரும் பிள்ளைகூட அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லும். எண்ணை மாற்றிக் கேட்டால்தானே முழிக்கும்? பத்து வருஷமாக எண்ணை மாற்றி மாற்றிக் கேட்டுப் பிள்ளைகளின் சாபத்தை வாங்கிய டீச்சர், மெஷினுக்கு மட்டும் எப்படிச் சலுகை கொடுத்தாள்? அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

"அத்தா, நாளைக்கு அச்சடிக்காதீங்க" என்றாள்.

"மையெல்லாம் அரைச்சாச்சேம்மா!"

"அரைச்சது அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் காலை அவள் சென்டருக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் தங்கராசுவின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாமா டீச்சர், என் மெஷின் பொய் சொல்லுதுன்றியா? டெல்லியிலேருந்து வந்த மெஷின்மா." சத்தம் கேட்டு எதிரே வேர்க்கடலை வறுத்து விற்கும் பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி.க்குள்ளேயே வந்துவிட்டாள். சிமெண்ட் மூட்டை இறக்கியவர்களும் கதவில் கூடினார்கள்.

"பொய் சொல்லுதுன்னு சொல்லலைங்க. கேட்டுப் பாக்கலாம்னு சொல்றேன்" என்றாள் ஹபீபா. "இப்ப கேக்கப்போற கேள்விக்கு எனக்கே விடை தெரியாது."

"விடை தெரியாம நீங்க எப்படி டீச்சர் திருத்துவீங்க?" என்றான் லூர்துநாதன்.

அவள் ஐந்தாறு வரி புதிதாக அடித்தாள். எந்த எண்ணை டிகிரியாகக் கொடுத்தாலும், அதன் சைனை அதே சைனாலும், கொசைனை அதே கொசைனாலும் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் ஒன்று வந்தாக வேண்டும். பத்தாம் வகுப்புப் பாடம். சைன் எவ்வளவு, கொசைன் எவ்வளவு என்று யாருக்கும் தெரியவேண்டாம், கூட்டினால் ஒன்று. எண்ணை அவளும் சொல்லமாட்டாள், மெஷினும் சொல்லக்கூடாது. நிற்கிறவர்கள் சொல்லட்டும். எந்த எண் வரும் என்று தெரியாதபோது மெஷின் எதை நெட்டுருப் போட்டு வைக்கும்?

"மொதல்ல நான்" என்றார் தங்கராசு. "என் வயசு நாப்பத்தஞ்சு. போடு."

திரையில் ஒன்று என்று வந்தது. தங்கராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பாத்தியாமா!"

"நாப்பத்தஞ்சு நோட்ஸ்ல இருக்கற கேள்விங்க. வேற யாராச்சும் சொல்லுங்க."

"என் வயசைப் போடு கண்ணு. அம்பத்திரண்டு" என்றாள் பவுனம்மாள்.

திரையில் வந்தது: 0.98304.

"அவ வயசைக் கொறைச்சு சொல்லியிருப்பா, அதான் கொறைஞ்சு வருது!" என்று தங்கராசு பாய்ந்தார்.

ஹபீபாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவங்க வயசு பொய்யா இருந்தாலும் விடை ஒண்ணுதாங்க வரணும்."

மூட்டைக்காரர்களில் ஒருவர் சிங்கவரம் போகும் பஸ் நம்பர் பதினொன்று என்றார். 0.98667. இன்னொருவர் தன் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னார். அதற்கும் ஒன்று வரவில்லை. பவுனம்மாள் திரையைப் பார்த்து, "அய்யய்யோ, கல்லு வச்சா ஒழுங்கா நிக்குது, கடலை வச்சா இழுக்குது. இந்தத் தராசு எனக்குத் தெரியும்மா" என்றாள். கதவில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

லூர்துநாதன் சிரிக்கவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"தப்பு என்னுதுதான் டீச்சர்" என்றான். "வேசம் கட்டினா மெஷின் ரொம்ப மெதுவாப் போச்சு. வேகமாக்கறதுக்காகப் பதினஞ்சு பதினஞ்சு டிகிரிக்கு ஒரு விடையை மட்டும் எழுதி உள்ள வச்சுட்டேன். நடுவுல வர்ற எண்ணுக்கு, ரெண்டு பக்கமும் இருக்கற விடைக்கு நடுவுல நேர்கோடு போட்டு உத்தேசமா எடுத்துக்கும். நீங்க கேட்ட மூணும் நான் எழுதிவச்ச எடத்துலயே வந்துச்சு. அதனால எனக்கே தெரியல."

தங்கராசு வாயைத் திறந்தார். ஹபீபா முந்திக்கொண்டாள். "உத்தேசத்தை எடுத்துட்டு உண்மையா கணக்குப் போட வைக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன். ஆனா மெதுவாத்தான் ஓடும்."

"ஓடட்டும். நோன்புக்கு இன்னும் ஏழு நாள் இருக்குது."

நாலரை மணிக்கு மறுபடி எல்லாரும் கூடினார்கள். காலையில் இருந்தவர்கள் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிவந்திருந்தார்கள். வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்தால் உள்ளே கல்யாணம் என்று நினைக்கத் தோன்றும். ஐம்பத்திரண்டு: ஒன்று. பதினொன்று: ஒன்று. ஆட்டுக்குட்டிகளின் எண்ணிக்கை, மகன் வாங்கிய மார்க், அவலூர்பேட்டைக்கு எத்தனை மைல் என்பது வரை கத்தினார்கள். ஒன்று, ஒன்று, ஒன்று. ஒவ்வொரு தடவையும் மெஷின் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னது. சொன்ன போதெல்லாம் கைதட்டல்.

பவுனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கண்ணு, இப்போ அம்பத்தெட்டு போடு. காலையில கொஞ்சம் கொறைச்சுட்டேன். இது உண்மை சொல்ற மெஷினாச்சே."

அதற்கும் ஒன்று வந்தது. லூர்துநாதன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

புதிய தாளில் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் தள்ளியிருந்தது. ஆறு பத்தொன்பது இருந்த இடத்தில் ஆறு இருபத்துமூன்று. ஹபீபா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஜான் பாஷா ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு அந்தப் பழைய தாளை நம்பியிருந்தால்? முப்பது நாள், ஊர் மொத்தமும், சூரியன் இருக்கும்போதே. அந்த ஐந்தாறு வரியை அவள் பிறகு அழிக்கவேயில்லை. இனிமேல் அந்தப் புரோகிராம் எந்த மெஷினில் ஏறினாலும், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஓர் எண்ணைக் கேட்டு வாங்கி, மெஷினைச் சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

அட்டை அச்சாகிக் கட்டுக் கட்டாக அடுக்கியாயிற்று. ஆனால் ஜான் பாஷா ஒப்பவில்லை. "உள்ளாற ஆயிரம் சரியா இருக்கட்டும். நான் வெளியில பாக்கணும்" என்றார். அது நியாயம்தான் என்று ஹபீபாவுக்கும் பட்டது. பிறை பார்க்கும் நாளில் எல்லாரும் ராணிக்கோட்டை மேல் ஏறுவது என்று முடிவாயிற்று. மலைக்கு மேலே நின்றால் மலை மறைக்காது.

சித்திரை வெயிலில் காய்ந்த படிகளில் மூச்சு வாங்க ஏறினார்கள். ஜகபர் அலி ரேடியோ நேரத்துக்குத் திருப்பிவைத்த கடிகாரத்தைக் கையிலேயே பிடித்திருந்தார். லூர்துநாதன் எல்லாருக்கும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்தான், யாரும் சொல்லாமலே. தங்கராசு பாதி மலையில் உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்தே "மறைஞ்சுதா? மறைஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"உயரத்துல நிக்கறோம் மாமா. இங்க ரெண்டு நிமிசம் கழிச்சுத்தான் மறையும். கீழ ஆறு இருபத்துமூணு, இங்க ஆறு இருபத்தஞ்சு" என்றாள் ஹபீபா.

"சொல்றதை மொதல்லயே சொல்லிட்ட. அப்பறம் மாத்தக்கூடாது" என்றார் ஜான் பாஷா.

ஆறு பத்தொன்பதுக்கு ஜகபர் அலி பழைய தாளை மடியிலிருந்து எடுத்தார். எதற்குக் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியாது. அந்த முதல் வரியைப் பார்த்தார், நிமிர்ந்து மேற்கே பார்த்தார். சூரியன் முழுசாக, சிவப்பாக, வானத்தில் தெளிவாக நின்றுகொண்டிருந்தது. இந்த நேரத்துக்குத்தான் ஊர் வாயில் பேரீச்சம்பழத்தை வைத்திருக்கும். அவர் தாளை நாலாய்க் கிழித்து மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஆறு இருபத்துமூன்று. சூரியனின் அடி விளிம்பு தரையைத் தொட்டது. இருபத்துநான்கு. பாதி. ஹபீபா துப்பட்டா நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு சிவப்புக் கீற்று மட்டும் மிச்சம் இருந்தது. அது சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகி அணைந்தது.

"இருபத்தஞ்சு!" என்று ஜகபர் அலி அலறிய அலறலில் பாதி மலையில் தங்கராசு எழுந்து நின்றுவிட்டார். "என் பொண்ணு சொன்னது! இருபத்தஞ்சு!"

ஜான் பாஷா மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கும்போது, "அதோ" என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினார். நகம் வெட்டிப் போட்டதுபோல மெல்லிசாகப் பிறை. நாளைக்கு நோன்பு.

மறுநாள் சாயங்காலம் ஊரே பழக்கப்படி உட்கார்ந்திருந்தது. பள்ளிவாசலில் கஞ்சி அண்டாவை அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அட்டையில் ஆறு இருபத்துமூன்று என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், ஜான் பாஷாவைத் தெரியாதவர் யார்? எப்படியும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று சிலர் பேசிக்கொண்டும், சிலர் கிண்ணம் கழுவிக்கொண்டும் இருந்தார்கள். ஹபீபா வீட்டு அடுக்களையில் வெங்காய வடையை எண்ணெயில் போட்டுவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையில் நின்று பார்த்தது வேறு. முப்பது வருஷப் பழக்கத்தை விடுவது வேறு. அவர் கூட்டிக்கொண்டால் கூட்டிக்கொள்ளட்டும், கோபப்படக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

முள் இருபத்துமூன்றைத் தொட்டது.

"அல்லாஹு அக்பர்" என்று ஒலிபெருக்கியில் ஜான் பாஷாவின் குரல் எழுந்தது.

பள்ளிவாசலில் ஒரே அமளி. கரண்டியைத் தேடினார்கள், கிண்ணத்தைத் தேடினார்கள், பேரீச்சம்பழத் தட்டு எங்கேயென்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். கஞ்சி கொதிக்கக் கொதிக்க ஊற்றி, நாக்கைச் சுட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு நோன்பு திறந்தார்கள். ஜகபர் அலி அவசரத்தில் பக்கத்தில் இருந்தவரின் பழத்தை எடுத்து வாயில் போட்டுவிட்டார். ஹபீபாவின் வடை அந்தப் பக்கம் திருப்புவாரில்லாமல் கருகிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாங்கு முடியும் வரை அடுப்புப் பக்கமே போகவில்லை.